பிஞ்சு நெஞ்சம் துடித்தது!

அடுத்த வீட்டுக்காரரை அடித்தால் வழக்கு. தனக்குக் கீழே வேலை பார்ப்பவரைக் கைநீட்டி அடித்தால் வழக்கு. பாரம் இழுக்க முடியாமல் படுத்துவிட்ட வண்டி மாட்டை விளாசினால்கூட, வாயில்லா உயிரை வதைத்த குற்றத்துக்காகப் பிடித்து நிறுத்த 1960-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. ஆனால் இடுப்பு உயரம்கூட இல்லாத குழந்தையை, ஓடி ஒளிய வேறு வீடு இல்லாத குழந்தையை, அடித்தவரின் மடியிலேயே படுத்து அழவேண்டிய குழந்தையைப் பெற்றவர் அடித்தால், அதற்கு வேறு பெயர்! கண்டிப்பு என்பார்கள். வளர்ப்பு என்பார்கள். பாசம் என்று சொல்வாரும் உண்டு!

பெற்றோர் பிள்ளையை அடிப்பதைச் சட்டம் அனுமதிக்கலாமா, கூடாதா? உலகின் பல நாடுகளின் சட்டமன்றங்களிலே எழுந்துவிட்ட கேள்வி இது. நம் வீட்டுத் திண்ணைகளில் இதை எழுப்பினால், சிரித்துவிட்டுப் போவார்கள். அடியாத மாடு படியாது என்ற பழமொழி ஒன்று தயாராக இருக்கிறதே, பதில் சொல்ல! மாட்டுக்குச் சொன்னதை மகனுக்கும் சொல்லலாமா என்று கேட்பவர் யார்?

கேட்டவர் ஒருவர் இருந்தார். வாதம் செய்து கேட்டதோடு நில்லாமல், வாழ்ந்து காட்டிக் கேட்டார். செத்தும் கேட்டார். அவர் வரலாற்றைத் தெரிந்துகொண்டு பிறகு தீர்ப்புச் சொல்வது நல்லது.

யானுஷ் கோர்ச்சாக் என்பது உலகம் அறிந்த பெயர். பெற்றோர் இட்ட பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மித். போலந்து நாட்டின் வார்சா நகரிலே, ஜார் மன்னனின் ரஷ்ய ஆட்சி நடந்த காலத்திலே, யூதக் குடும்பத்திலே பிறந்தவர். பிறந்தது 1878-ஆம் ஆண்டு ஜூலை 22 என்பர். 1879 என்றும் சொல்வர். எது சரி என்று அவருக்கே தெரியாது. தந்தை பெரிய வழக்கறிஞர்; ஊரார் பத்திரங்களையெல்லாம் ஒழுங்கு செய்தவர், தன் பிள்ளையின் பிறப்பைப் பதிவு செய்வதில் மட்டும் காலம் தாழ்த்திவிட்டார்.

ஐந்து வயதிலே ஒரு நிகழ்ச்சி. அவர் ஆசையாக வளர்த்த பாடும் குருவி இறந்துபோயிற்று. வீட்டு முற்றத்திலே புதைத்து, மேலே ஒரு சிலுவை நடலாம் என்று புறப்பட்டான் சிறுவன். பறவை மனிதரைவிடத் தாழ்ந்தது, அதற்காக அழுவதே பாவம் என்றாள் வேலைக்காரப் பெண். காவற்காரனின் மகன் இன்னும் ஒரு படி மேலே போனான். அந்தக் குருவி யூதக் குருவி, ஆகையால் சிலுவை கூடாது, நீயும் யூதன்தான் என்று அறிவித்தான். கேட்டீர்களா நியாயத்தை! கூண்டிலே பாடிய குருவிக்கும் மதம் உண்டாம். செத்த பிறகும் அதற்குத் தீட்டு உண்டாம்! தாழ்ந்த பிறவி என்று ஒன்று உண்டு என்பதை அன்றுதான் அந்தச் சிறுவன் தெரிந்துகொண்டான். அந்த ரணம் ஆறவே இல்லை. கிழவரான பிறகு எழுதிய நாட்குறிப்பிலேயும் அதை எழுதி வைத்தார்.

பிறகு பள்ளிக்கூடம். பிரம்பு ஆண்ட பள்ளிக்கூடம்! போலந்து நாடு சுதந்திரமாக இருந்தபோது, 1783-லேயே பள்ளிகளில் பிள்ளைகளை அடிப்பதை ஒழித்த பெருமை அதற்கு உண்டு. உலகிலேயே முதன்முதலாகச் செய்த நாடு என்பார்கள். ஆனால் 1795-க்குள் மூன்று வல்லரசுகள் அந்த நாட்டைக் கூறுபோட்டுத் தின்றன. நாடு போயிற்று, நல்ல சட்டமும் போயிற்று. கோர்ச்சாக் படிக்கப் போன காலத்திலே, ஒரு மாணவனைக் கிடத்தி விளாசுவதை மற்ற மாணவர்கள் பார்க்க வேண்டியிருந்தது. அடி விழுந்தது ஒருவன் மேல். நடுங்கியது எத்தனை உடல்கள்! அந்தச் சிறுவன் கொண்ட அச்சத்தைக் கண்டு, சில மாதங்களிலே பெற்றோர் அவனை அந்தப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டனர்.

தந்தைக்கு மனநோய் வந்தது, 1896-ல் இறந்தார். வசதி போய் வறுமை வந்தது. பதின்ம வயதுப் பிள்ளை, பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்துக்குக் கைகொடுத்தான். 1898-ல் ஒரு நாடகப் போட்டிக்கு எழுதியபோது சூட்டிக்கொண்ட புனைபெயர்தான் யானுஷ் கோர்ச்சாக்; போலந்து நாவல் ஒன்றின் கதாநாயகன் பெயரைத் தழுவியது. அதே ஆண்டிலே மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1905-ல் மருத்துவரானதும் ஜார் ஆட்சி அவரைப் போர்க்களத்துக்கு அனுப்பியது. ரஷ்யாவும் ஜப்பானும் மோதிக்கொண்ட மஞ்சூரியாவிலே, காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போடும் வேலை.

அங்கே ஒரு சீனக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனார். ஆசிரியர் கையிலே அளவுகோல். அது அளப்பதற்கு அல்ல, பிள்ளைகளின் குதிகாலைப் பதம் பார்க்க! மருத்துவர் என்ன செய்தார்? அறிவுரை கூறவில்லை. பணம் கொடுத்து அந்தக் கோலை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு கோலை வாங்கினால் இன்னொரு கோல் வராதா என்று கேட்கலாம். வரும்தான். உலகத்துக் கோல்களையெல்லாம் ஒரு மருத்துவர் வாங்கிவிட முடியாது. அதற்காகத்தான் சட்டம் வேண்டும் என்கிறோம்!

வார்சா திரும்பி, குழந்தைகள் மருத்துவமனையிலே பணி. கை நிறைய வருமானம், நகரமெங்கும் புகழ். பெர்லின், பாரிஸ், லண்டன் சென்று மேலும் கற்றார். ஆனால் நோயை விரட்டிக் குணமாக்கி அனுப்பிய குழந்தை, அதே பசிக்கும் அதே இருட்டறைக்கும் அதே அடிக்கும் திரும்பிப் போவதை அவர் கண்டார். மருந்துப் புட்டியால் தீராத நோய் அது என்று தெரிந்தது. 1912-ல் வார்சாவின் ஏழைகள் வாழ்ந்த குரோக்மால்னா தெருவிலே, 92-ஆம் எண் மனையிலே, யூத அனாதைக் குழந்தைகளுக்கான இல்லம் எழுந்தது. மருத்துவமனை வேலையை உதறிவிட்டு அதன் தலைவரானார். ஸ்டெபானியா வில்சின்ஸ்கா என்ற அம்மையார் அவருக்குத் துணை நின்றார். இறுதி நாள்வரை நின்றார். மருத்துவர் மணம் செய்துகொள்ளவில்லை. இல்லத்து மாடியிலே ஓர் அறை, அதுவே அவர் மாளிகை.

அந்த இல்லத்திலே ஏறத்தாழ நூறு பிள்ளைகள். தாய் இல்லாதவர், தந்தை இல்லாதவர், தெருவிலே திரிந்தவர், திருடப் பழகியவர், அடி வாங்கி வாங்கி மரத்துப்போனவர். ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, அடிக்காமல் எப்படி ஐயா வளர்ப்பது என்று கேட்போரே, நூறு பிள்ளைகள்! விரல்விட்டு எண்ணக்கூடிய பணியாளர்கள்! பிரம்பு கிடையாது! எப்படி நடந்தது?

நீதிமன்றம் வைத்து நடத்தினார். பெரியவர்கள் நீதிமன்றம் அல்ல, பிள்ளைகளே நீதிபதிகளாக அமர்ந்த மன்றம். யார் மீதும் யாரும் வழக்குத் தொடுக்கலாம். அந்த வாரம் தம்மீது வழக்கு இல்லாத பிள்ளைகளிலிருந்து சீட்டுக் குலுக்கி ஐந்து நீதிபதிகள். அதற்கென்று ஒரு சட்டநூல் எழுதினார் கோர்ச்சாக். அதன் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்புக்கு வழி சொல்பவை! தெரியாமல் செய்தான், மன்னிப்போம், முதல் முறை, மன்னிப்போம், வருந்துகிறான், மன்னிப்போம். நூறாம் பிரிவிலிருந்துதான் குற்றம் உறுதியாகும். பிறகு 200, 300 என்று நூறு நூறாக ஏறி, ஆயிரத்திலே இல்லத்தைவிட்டு விலக்குதல். ஒன்று முதல் ஆயிரம்வரை தேடிப் பாருங்கள். அடி என்ற தண்டனை எங்கேயும் இல்லை.

ஆசிரியர் மீதும் வழக்குத் தொடுக்கலாம் என்பதுதான் அந்தச் சட்டத்தின் சிகரம். கோர்ச்சாக்கே குற்றவாளிக் கூண்டில் நின்றார். ஆறு மாத காலத்திலே ஐந்து முறை, தாமாகவே தம்மை மன்றத்தின் முன் நிறுத்திக்கொண்டார். ஒருமுறை, ஒரு சிறுவனின் காதோரத்தில் அறைந்ததற்காக. ஒருமுறை, ஒருவனைப் படுக்கைக் கூடத்தைவிட்டு வெளியேற்றியதற்காக. ஒருமுறை, ஒருவனை மூலையில் நிறுத்தியதற்காக. ஒருமுறை, நீதிபதியாக இருந்த பிள்ளையை இகழ்ந்ததற்காக. ஒருமுறை, ஒரு சிறுமி மீது திருட்டுப்பழி சுமத்தியதற்காக. முதல் மூன்றிலும் நீதிபதிகள் மன்னித்தனர். 

கவனிக்க வேண்டும் இதை. கோர்ச்சாக் கோபமே வராத தேவதூதர் அல்லர். வாலிபத்திலே கோடை முகாமொன்றில் பிள்ளைகளைக் கவனிக்கப் போனபோது, இரவில் கூச்சல் போட்ட ஒருவனைக் காதைப் பிடித்து இழுத்து, காவல் நாய் திரியும் இடத்திலே தள்ளிவிடுவேன் என்று மிரட்டியவர்தான். அதை மறைக்கவில்லை, நூலிலே தாமே எழுதினார். ஆத்திரம் எல்லோருக்கும் வரும். தளர்ந்து வீடு திரும்பும் தகப்பனுக்கும் வரும். அடுப்படியிலே வெந்து நிற்கும் தாய்க்கும் வரும். வராது என்று சொல்லவில்லை அவர். வந்த ஆத்திரத்துக்கு உரிமை என்று பெயர் சூட்டக்கூடாது என்றார். பிள்ளை தவறினால் மன்றம் உண்டு. பெரியவர் தவறினால் மட்டும் மன்றம் இல்லையா என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தாமே முதல் ஆளாகப் போய் நின்றார்.

முதல் உலகப் போரிலே மீண்டும் படை மருத்துவராகப் பணி. குண்டுச் சத்தத்துக்கு நடுவிலே, குழந்தையை எப்படி நேசிப்பது என்பது பற்றி நூல் எழுதினார்! 1919-ல் மரியா ஃபால்ஸ்கா அம்மையாரோடு சேர்ந்து, போலந்துக் குழந்தைகளுக்காக இன்னோர் இல்லம் அமைத்தார். குட்டி அரசன் மாட்டைப் பற்றிய அவருடைய கதை பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1926-ல் பிள்ளைகளே எழுதும் வார ஏடு ஒன்றைத் தொடங்கி, வார்சாவின் யூத நாளேடு ஒன்றின் இணைப்பாக வெளியிட்டார். 1934 முதல் வானொலியிலே கிழ மருத்துவர் என்ற பெயரிலே பேசினார்; யூதர் என்பதால் அவரது இயற்பெயரை அறிவிக்க அஞ்சினார்கள். வீடுதோறும் பெரியவர்களும் பிள்ளைகளும் காத்திருந்து கேட்டனர். 1936-ல் அந்தக் குரலையும் யூத வெறுப்பு அடைத்தது.

1924-ல் ஜெனிவாவிலே வெளியான குழந்தைகள் உரிமைப் பிரகடனத்தை உலகம் புகழ்ந்தபோது, அது போதாது என்றார் அவர். குழந்தையிடம் அன்பு காட்டுங்கள் என்று கெஞ்சுகிறதே தவிர, இது குழந்தையின் உரிமை என்று உரத்துச் சொல்லவில்லையே என்று குறை கண்டார். குழந்தை நாளைக்கு மனிதனாகப் போகிற பொருள் அன்று, இன்றே மனிதன்! பெற்றோரின் உடைமை அன்று. தனக்கென்று மதிப்புள்ள உயிர்! இதுதான் அவர் கொள்கையின் சாரம்.

எதற்கு இவ்வளவு என்று கேட்போருக்கு அவர் நடத்திய ஒரு பாடத்தைச் சொல்லவேண்டும். ஆசிரியப் பணிக்குப் பயிலும் மாணவர்களை மருத்துவமனையின் எக்ஸ்ரே கூடத்துக்கு வரச் சொன்னார். ஒரு சிறுவனைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, சட்டையைக் கழற்றி, கருவியின் முன் நிறுத்தினார். புது இடம், புது முகங்கள், அச்சமூட்டும் கருவி. விளக்கு அணைந்தது. திரையிலே தெரிந்தது அந்தப் பிஞ்சின் இதயம். பொறியில் சிக்கிய பறவைபோல் துடித்தது! படபடவென்று துடித்தது! நாளைக்கு உங்களுக்குக் கோபம் வந்து கை ஓங்கும்போது, அச்சம் கொண்ட குழந்தையின் இதயம் எப்படி இருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தைச் சுருக்கமாகக் கூறிவிட்டு, விளக்கைப் போடச் சொல்லிப் பாடத்தை முடித்துவிட்டார்.

அந்தச் சிறுவனை யாரும் அடிக்கவில்லை. அடிப்பதாக மிரட்டவும் இல்லை. அதற்கே அந்தத் துடிப்பு! நம்பி வந்த கையே ஓங்கி நிற்கும்போது எப்படித் துடிக்கும்?

1939-ல் ஹிட்லரின் படை போலந்திலே நுழைந்தது. 1940-ல் வார்சாவின் யூதர்களை மதிற்சுவருக்குள்ளே அடைத்தார்கள். இல்லத்தைப் பெயர்த்து உள்ளே கொண்டுபோகச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கென்று ஏற்றிய உருளைக்கிழங்கு வண்டியைப் பறித்தபோது, போலந்துப் படைச் சீருடையிலேயே போய் நியாயம் கேட்டார் கோர்ச்சாக். யூதர் அணிய வேண்டிய கைப்பட்டையை அணிய மறுத்தார் என்று சிறையில் தள்ளினார்கள். வெளியே வந்ததும், கோணியைத் தோளிலே போட்டுக்கொண்டு வீடுவீடாகப் போய்ப் பிள்ளைகளுக்காக இரந்தார். நாடெங்கும் மதிக்கப்பட்ட எழுத்தாளர், அறுபது கடந்த முதியவர், பிச்சை எடுத்தார்!

1942 ஜூலை 18. அந்தப் பட்டினிக் கோட்டைக்குள்ளே பிள்ளைகள் ஒரு நாடகம் நடித்தனர். எந்த நாடகம்? நம் தாகூர் வங்க மொழியிலே எழுதிய தபால் நிலையம்! நோயுற்று அறைக்குள் அடைபட்ட சிறுவன், அரசனின் கடிதத்துக்காகக் காத்திருந்து, அமைதியாகக் கண் மூடும் கதை. சாவை அஞ்சாமல் எதிர்கொள்ளப் பிள்ளைகளைப் பழக்கவே அதைத் தேர்ந்தெடுத்தார் என்பர். நான்கே நாளில், ஜூலை 22 அன்று, நாடு கடத்தல் தொடங்கியது. ஆகஸ்ட் 5 அன்று இல்லத்தின் முறை வந்தது. ஏறத்தாழ 200 பிள்ளைகள். தாம் மட்டும் தப்பிச் செல்ல அவருக்கு வழி காட்டினார்கள். ஒன்றல்ல, பல முறை. மறுத்தார். அன்று பிள்ளைகளோடு வரிசையாக நடந்தார். ஸ்டெபானியா அம்மையாரும் நடந்தார். ட்ரெப்ளிங்கா கொலைக்களத்துக்குப் போன அந்த இரயிலிலிருந்து அவர்கள் யாரும் திரும்பவில்லை.

சுற்றிலும் சவுக்கு ஏந்திய காவலர்கள், அலறலும் அடியும். அந்த வரிசை மட்டும் ஒழுங்காகச் சென்றதைக் கண்டவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அடி தந்த ஒழுங்கா அது? முப்பதாண்டுக் காலம் பிரம்பு நுழையாத இல்லத்தின் ஒழுங்கு ஐயா அது! பயந்தவன் பின்னால் பிள்ளை வரும், கண் மறையும்வரை. நம்பியவர் பின்னால் கடைசிவரை வரும்.

மருத்துவரைக் கொன்றார்கள், கொள்கை பிழைத்துக்கொண்டது. அவர் பிறந்த நூற்றாண்டையொட்டி, 1978-ல், குழந்தைகளின் உரிமைக்கு உலக உடன்படிக்கை வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையிலே வரைவு கொண்டுவந்தது எந்த நாடு? போலந்து! 1989 நவம்பர் 20 அன்று அது நிறைவேறியது. பெற்றோர் பராமரிப்பில் இருக்கும்போதும் குழந்தையை வன்முறையிலிருந்து காக்கவேண்டும் என்கிறது அதன் 19-ஆம் விதி. இந்தியா அதை 1992-ல் ஏற்றது. பெற்றோர் அடிப்பதையும் முதன்முதலாகச் சட்டத்தால் தடுத்த நாடு சுவீடன், ஆண்டு 1979. ஹிட்லர் ஆண்ட ஜெர்மனியே 2000-ல், வன்முறையில்லாத வளர்ப்பு பிள்ளையின் உரிமை என்று எழுதியது. போலந்து 2010-ல் தன் குடும்பச் சட்டத்திலே தடை சேர்த்தது. இன்று அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அந்த வரிசையில்.

இந்தியா? பள்ளியிலே அடிக்கக்கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆம் பிரிவிலே கூறிவிட்டது. வீட்டிலே? 1860-ல் வெள்ளையர் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு காப்பாளர் செய்வது குற்றமாகாது என்று கவசம் தந்தது; உயிருக்கும் பெருங்காயத்துக்கும் மட்டும் வரம்பு கட்டியது. 2024 ஜூலை முதல் நாள் அந்தச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அடிமைக் காலச் சின்னத்தை அகற்றினோம் என்று முழங்கினார்கள். வடமொழிப் பெயர் சூட்டினார்கள். ஆனால் அந்தக் கவசம் 27 என்ற புது எண்ணோடு அப்படியே குடியேறிற்று! கொடுமை எல்லை மீறினால் தண்டிக்க 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் உண்டு என்பார்கள். எல்லை எது? எத்தனை அடிவரை நன்மை, எத்தனையாவது அடியிலிருந்து கொடுமை? அளந்து சொல்லக் கோல் உண்டா அவர்களிடம்?

பெற்றவர்களைச் சிறைக்கு அனுப்பச் சொல்கிறீரா என்று பதறவேண்டாம். சுவீடன் அந்த விதியைக் குடும்பச் சட்டத்திலேதான் வைத்தது. அதற்கென்று புதிய தண்டனை எதையும் எழுதவில்லை. வீட்டுக்கு வரும் பால் பெட்டிகளின் மேலெல்லாம் அச்சிட்டு மக்களுக்கு எடுத்துச் சொன்னது. அடிக்காமல் வளர்க்கும் வழியைக் காட்டும் கைநூல் தந்தது. சிறைக்கதவைத் திறக்க அல்ல, சிந்தனைக் கதவைத் திறக்கவே சட்டம்!

அடிமையை அடித்தது அவன் நன்மைக்காக என்றார்கள். மனைவியை அடித்தது குடும்ப மானத்துக்காக என்றார்கள். சேரியிலே பிறந்தவரை அடித்தது ஊர் ஒழுங்குக்காக என்றார்கள். ஒவ்வொரு கையாகப் பிடித்து, தாழ்ந்த பிறவி என்று ஒன்று இல்லை எனச் சட்டம் சொல்லவேண்டியிருந்தது. கடைசியாக மிச்சம் இருப்பது குழந்தை. அதற்குச் சங்கம் இல்லை, ஊர்வலம் இல்லை, வாக்குச்சீட்டு இல்லை. அதற்காகப் பேசவேண்டியவர்கள் நாம்தான்.

ட்ரெப்ளிங்காவிலே இன்று ஆயிரக்கணக்கான நினைவுக் கற்கள் நிற்கின்றன. ஊர்களின் பெயர்கள் உண்டு அவற்றிலே. தனி மனிதர் பெயரைத் தாங்கியது ஒன்றே ஒன்று. அதிலே கோர்ச்சாக் பெயரும், அவரோடு பிள்ளைகளும் பொறிக்கப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லுக்கு மாலை போட நம்மால் போகமுடியாது. 27-ஆம் பிரிவைத் திருத்தச் சொல்லிக் குரல் எழுப்ப முடியும். அதற்கு முன்பு, இன்றிரவே, ஓங்கிய கையைத் தாழ்த்த முடியும்!